வீட்டு அலாரத்துக்குக் கட்டுப்படியான மொனிற்றரிங்: ரொறன்ரோத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யூன் பிறந்தால் என் தொலைபேசி ஓயாது. "அண்ணை, ஊருக்குப் போறம். அலாரத்துக்கு ஆரிட்டை மொனிற்றரிங் எடுத்தால் மலிவு?" என்ற ஒரே கேள்வி ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் ஏஜாக்ஸிலிருந்தும் மாறி மாறி வரும். ஒரு காலத்தில் வீடு வீடாக அலாரம் பூட்டும் வேலை செய்தவன் நான். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, எவருடைய பொருளையும் விற்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பேஸ்மென்றில் இருக்கும் அலாரப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வரமாட்டேன், அந்தப் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. ஆகவே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலைகள் எல்லாம் கனடா டொலரில், அண்ணளவாக, வரி தனி.

மொனிற்றரிங் என்று மாதம் மாதம் எதற்குக் காசு கட்டுகிறோம்?

ஒரு மனிதர் தொலைபேசியை எடுப்பதற்கு. வீட்டில் உள்ள பெட்டியும் சைரனும் சென்சர்களும் ஒருமுறை வாங்கிய பொருட்கள். கதவு திறந்ததும் பெட்டி ஒரு சிறு செய்தியைக் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்பும். பழைய பெட்டிகள் பேசும் மொழியில் அது வெறும் எண்கள்தான்: உங்கள் கணக்கு எண், 130 என்றால் களவு, 110 என்றால் நெருப்பு, 301 என்றால் மின்சாரம் போய்விட்டது, 302 என்றால் பற்றரி இறங்கிவிட்டது, கூடவே எந்தச் சென்சர் என்ற இலக்கம். அது நிலையத்தில் இருப்பவரின் திரையில் விழும். அவர் முதலில் வீட்டுக்கு அழைப்பார், பிறகு நீங்கள் கொடுத்த பட்டியலில் உள்ளவர்களுக்கு அழைப்பார், தேவை என்றால் பொலிசுக்கோ தீயணைப்புப் படைக்கோ அழைப்பார்.

மாதக் கட்டணம் இந்தச் சில நிமிட வேலைக்கானது. செயலியில் படம் காட்டுவது, விளக்கைப் போட்டு அணைப்பது, கதவுப் பூட்டைத் திறப்பது எல்லாம் மேலதிக அலங்காரம். விலையை ஏற்றுவது பெரும்பாலும் அந்த அலங்காரம்தான்.

12 டொலருக்கும் தருகிறார்கள், 50 டொலருக்கும் தருகிறார்கள். மலிவானது மோசமானதா?

அப்படி எண்ண வேண்டாம். வெளியே அதிகம் தெரியாத ஒரு விஷயம்: சிறிய அலாரக் கொம்பனிகள் பல சொந்தமாகக் கண்காணிப்பு நிலையம் வைத்திருப்பதில்லை. பெரிய மொத்த நிலையங்கள் இருக்கின்றன. அவை நூற்றுக்கணக்கான முகவர்களுக்காகத் தொலைபேசி எடுக்கின்றன. உங்கள் முகவர் அங்கே ஒரு கணக்குக்கு மாதம் சில டொலர்கள் கட்டிவிட்டு, தன் இலாபத்தை வைத்து உங்களிடம் வாங்குகிறார். 15 டொலர் கட்டுபவரின் அலாரமும் 40 டொலர் கட்டுபவரின் அலாரமும் ஒரே அறையில், ஒரே ஊழியரின் திரையில் விழலாம்.

ஆகவே முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "என்னுடைய சிக்னல் எந்த நிலையத்துக்குப் போகிறது? அந்த நிலையம் யுஎல்சி சான்று பெற்றதா?" யுஎல்சி என்பது கனடாவில் இப்படியான நிலையங்களுக்குத் தரம் வகுத்துச் சோதிக்கும் அமைப்பு. மாற்று மின்சாரம், ஆட்கள், கட்டடப் பாதுகாப்பு, சிக்னல் பதிவு எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரியாதவரிடம் 10 டொலருக்குக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். பதில் சொல்பவர் 15 டொலருக்குத் தந்தால் தயங்க வேண்டாம்.

சொந்தப் பெட்டி வைத்திருப்பவருக்கு, செல் இணைப்பு (கைபேசி வலையமைப்பு வழி) இல்லாத அடிப்படைச் சேவை 10 முதல் 20 டொலருக்குள் கிடைக்க வேண்டும். செல் இணைப்போடு 20 முதல் 30. அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

அலாரம் அடித்தால் பொலிஸ் வரும்தானே?

ரொறன்ரோ நகருக்குள் இருப்பவர்கள் இந்தப் பதிலை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

2018 செப்டெம்பர் 10 முதல் ரொறன்ரோப் பொலிஸ் உறுதிப்படுத்தப்பட்ட அலாரங்களுக்கு மட்டுமே ஆள் அனுப்புகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொய் அலாரங்களாக இருந்ததுதான் காரணம். உறுதிப்படுத்துவது என்றால் இந்த நான்கில் ஒன்று: உள்ளே ஆள் நடமாட்டம் கேட்கும் ஒலி, கமராப் படம், நேரில் பார்த்த சாட்சி, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட சென்சர்கள் அடுத்தடுத்து அடித்தது. முன்கதவுச் சென்சர் மட்டும் அடித்து, நீங்களும் தொலைபேசி எடுக்கவில்லை என்றால் பொலிஸ் வராது. சைரன் கத்தி ஓய்ந்துவிடும்.

இதனால்தான் ரொறன்ரோவில் மலிவு என்பதன் கணக்கே வேறு. மாதம் 5 டொலர் மிச்சம் பிடிப்பதைவிட, படிக்கட்டடியில் ஒரு அசைவுச் சென்சர் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். கள்ளன் பின்கதவை உடைக்கும்போது ஒன்று அடிக்கும். நகை தேடி மேல்மாடிக்கு ஏறும்போது மற்றது அடிக்கும். அதுவே உறுதிப்படுத்தல்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பழைய வீடுகளில் வயர் மிச்சம் பிடிப்பதற்காகப் பேஸ்மென்ற் யன்னல்கள் எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் தொடுத்துவிட்டிருப்பார்கள். சில இடங்களில் இரண்டு அசைவுச் சென்சர்களும் ஒரே இலக்கம். இரண்டு அடித்தாலும் நிலையத்தின் திரையில் ஒன்றாகத்தான் தெரியும். பூட்ட வருபவரிடம் "ஒவ்வொரு அசைவுச் சென்சருக்கும் தனி இலக்கம் வேண்டும்" என்று சொல்லுங்கள்.

நிலையத்திடமும் கேளுங்கள்: இரண்டு இலக்கம் அடித்தால் அதைச் சொல்லிப் பொலிசுக்கு அழைப்பீர்களா, அல்லது எனக்கு அழைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவீர்களா? சில மலிவுச் சேவைகளில் பொலிசுக்கு அழைப்பதே தனிக் கட்டணம். வேறு சிலவற்றில் காவலாளி ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் பில் வரும். இரண்டும் தவறில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் சரி.

யோர்க், பீல், டுராம் பிராந்தியங்களுக்குத் தனித்தனிப் பொலிஸ், தனித்தனி விதி. மார்க்கத்தில் இருக்கும் மச்சான் சொன்னதை வைத்து ஸ்காபரோவில் முடிவெடுக்க வேண்டாம். பொய் அலாரத்துக்குக் கட்டணம் அறவிடுவார்களா, அலாரத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதை அந்தந்தப் பொலிசின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

கைபேசியில் செயலி இருக்கிறது, கமரா இருக்கிறது. பிறகு எதற்கு மொனிற்றரிங்?

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் ஓடுபவர், கைபேசியைக் கையிலிருந்து இறக்காதவர் என்றால் செயலியே போதும். காசை மிச்சம் பிடியுங்கள்.

ஊருக்குப் போகும் மாதத்தை யோசியுங்கள். கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இங்கே பகல் 2 மணிக்குக் கள்ளன் யன்னலை உடைக்கும்போது அங்கே இரவு பதினொன்றரை. கனடா சிம் கழற்றப்பட்டு மேசை லாச்சிக்குள் கிடக்கும். நீங்கள் நல்லூர்த் திருவிழா பார்த்த களைப்பில் நித்திரை. காலையில் செயலியைத் திறந்து, எல்லாம் முடிந்த பிறகு, கள்ளனின் முதுகைத் தெளிவான படத்தில் பார்க்கலாம். படம் பார்த்தாலும் வெளிநாட்டிலிருந்து 911 அடித்தால் ரொறன்ரோவுக்குப் போகாது. ரொறன்ரோப் பொலிசின் பத்திலக்க எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. சில சேவைகள் மாதக் கணக்கில் மொனிற்றரிங்கைத் தொடங்கி நிறுத்த விடும். வருடம் முழுக்கச் செயலி, ஊருக்குப் போகும் இரண்டு மாதம் மட்டும் மொனிற்றரிங். என் தங்கை வீட்டில் அப்படித்தான்.

வீடு வாங்கும்போதே சுவரில் அலாரத்தின் கீபாட் (எண் அழுத்தும் பலகை) இருந்தது. அதைப் பாவிக்கலாமா?

பெரும்பாலும் ஓம். பெருமளவு காசு மிஞ்சுவது இங்கேதான். பேஸ்மென்றில் அல்லது அலுமாரிக்குள் ஒரு உலோகப் பெட்டி இருக்கும், திறந்து பாருங்கள். இந்தப் பகுதியில் நான் திறந்த பெட்டிகளில் அதிகம் கண்டது டிஎஸ்சி. ரொறன்ரோவுக்கு வடக்கே கொன்கோட்டில் வளர்ந்த கொம்பனி அது. உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் 1616, 1832, 1864 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கம் எத்தனை சென்சர்வரை தாங்கும் என்பதைக் காட்டும். கியூபெக்கில் செய்யப்படும் பரடொக்ஸ் பெட்டிகளும் இருக்கும். இரண்டையும் வேறு கொம்பனி எடுத்து இயக்கலாம். தொழிலில் இதற்கு "ரேக் ஓவர்" என்பார்கள். வயரும் சென்சரும் அப்படியே இருக்க, புதுத் தொடர்புக் கருவி ஒன்றைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

ஒரு தடங்கல் வரலாம். முந்தைய கொம்பனி தன் குறியீட்டைப் போட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கும். டிஎஸ்சிப் பெட்டியின் மின்சாரத்தையும் பற்றரியையும் கழற்றி மீண்டும் கொடுக்கும்போது உள்ளே "டிக் டிக் டிக்" என்று வேகமாகச் சத்தம் கேட்டால் அது பூட்டிய பெட்டி என்று அர்த்தம். அப்போதும் பதற வேண்டாம். பெட்டிக்குள் உள்ள மின்சுற்றுப் பலகையை மட்டும் மாற்றலாம். முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார்.

வீடு வாங்கிய நாளே மாஸ்ரர் கோட்டை, அதாவது அலாரத்தின் முதன்மை இரகசிய எண்ணை, மாற்றுங்கள். இந்த வகை டிஎஸ்சி பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 1234. பத்து வருடமாக மாற்றாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய தொலைத்தொடர்புக் கொம்பனி தந்த, தொடுதிரை உள்ள பெட்டி என்றால் கதை வேறு. அவற்றில் பல அந்தக் கொம்பனியின் சேவை இல்லாமல் வேறெங்கும் வேலை செய்யாது. சென்சரைக் காப்பாற்றலாம், சில சமயம் அதுவும் முடியாது.

சிக்னல் எதனூடாகப் போக வேண்டும்? பழைய தொலைபேசி, இன்ரநெற், செல்?

பழைய செப்பு வயர்த் தொலைபேசி நல்ல வழியாக இருந்தது. இப்போது வீட்டுத் தொலைபேசியே இன்ரநெற் மோடத்துக்குள்ளால்தான் வருகிறது, பெட்டி பாடும் எண்களைச் சில வேளை அது சிதைத்துவிடும். ஃபைபருக்கு மாறிய பிறகு அலாரம் வாய் திறக்காமல் கிடந்த வீடுகள் உண்டு. கொம்பனியும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சோதித்துப் பார்க்கவில்லை. மாதக் கட்டணம் மட்டும் ஒழுங்காகப் போயிருக்கிறது.

இன்ரநெற் மலிவு. சிலவற்றில் கருவிக்கு மேல் செலவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே தொங்கும் கேபிளை வெட்டினால் முடிந்தது. செல் இணைப்புக்கு மாதம் 5 முதல் 10 டொலர் கூடும். ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் நான் செல்லைத் தெரிவேன்.

இரண்டும் எடுப்பவருக்கு ஒரு சொல். 2022 யூலை 8ஆம் திகதி மறந்திருக்காது. ரோஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் படுத்த நாள். இன்ரநெற், செல், வீட்டுத் தொலைபேசி, கடைகளில் டெபிற் எல்லாம் ஒன்றாகப் போயின. வீட்டு இன்ரநெற்றும் அலாரத்தின் சிம்மும் ஒரே கொம்பனியாக இருந்தவர்களுக்கு அன்று இரண்டு வழி என்பது பெயருக்குத்தான். உங்கள் இன்ரநெற் ரோஜர்ஸ் என்றால் அலாரத்தின் சிம் பெல்லிலோ ரெலஸிலோ ஓடட்டும். மறுபக்கமும் அப்படியே.

செல் கருவி வாங்கும்போது எல்ரிஈ (4ஜி) அல்லது அதற்கு மேலானது என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 2022இல் 3ஜி வலையமைப்புகளை மூடியபோது பழைய அலாரக் கருவிகள் பேச்சிழந்தன. இங்கேயும் 3ஜிக்கு அதே கதிதான். பழைய கையிருப்பை மலிவு விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

ஹைட்ரோ (மின்சாரம்) போனால் அலாரம் வேலை செய்யுமா?

பெட்டிக்குள் சீமெந்துக் கட்டிபோல ஒரு 12 வோல்ற் பற்றரி இருக்கும். நல்ல நிலையில் பல மணி நேரம் தாங்கும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும், விலை 30 டொலரளவில், நீங்களே மாற்றலாம். கொம்பனிக்காரர் வந்தால் வந்ததற்கே நூறு டொலர் கேட்பார். மோடத்துக்கும் ஒரு யுபிஎஸ் (மின்சாரம் போனால் தாங்கும் பற்றரிப் பெட்டி) கொடுக்காவிட்டால் இன்ரநெற் வழி அந்த நிமிடமே நின்றுவிடும்.

2013 டிசெம்பர் உறைபனி மழையில் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் ஹைட்ரோ இணைப்புகள் அறுந்தன. நத்தாருக்குப் பிறகும் இருட்டில் இருந்தவர்கள் உண்டு. அப்படியான நாட்களுக்கு எந்தப் பற்றரியும் ஈடுகொடுக்காது. ஆனால் மின்சாரம் போன சிக்னலும் பற்றரி இறங்கிய சிக்னலும் வந்ததும் உங்களுக்கு அறிவிப்பார்களா என்று கேட்டு வையுங்கள். குளிர்காலத்தில் அதன் பெறுமதி வேறு. கீழே காப்புறுதிக் கேள்வியில் சொல்கிறேன்.

வாசலுக்கு வந்தவர் "பெட்டி இலவசம், பூட்டுவதும் இலவசம்" என்றார். கையெழுத்து வைக்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். இலவசப் பெட்டி, மாதம் 45 டொலர், 60 மாதக் கொன்ராக்ற் என்றால் 2,700 டொலர். 13 வீத வரியோடு 3,051. அதே தரத்துப் பொருளை 600 டொலருக்கு வாங்கி, கொன்ராக்ற் இல்லாமல் மாதம் 18 டொலர் கட்டினால் ஐந்து வருடத்துக்கு வரியோடு 1,900 டொலருக்குச் சற்றுக் குறைவு. இலவசத்தின் விலை ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

இடையில் வீட்டை விற்றால் மீதி மாதங்களின் பணத்தையும் கேட்பார்கள். கொன்ராக்ற்றில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: எத்தனை மாதம், முடிந்ததும் தானாகப் புதுப்பிக்குமா, இடையில் விலகினால் எவ்வளவு. நான்காவதாக, விலையை இடையில் ஏற்றலாம் என்ற வரி பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கைபேசிச் சந்தாவுக்கு வயர்லெஸ் கோட் என்ற விதிகள் தரும் பாதுகாப்பு அலாரத்துக்கு இல்லை. "அதுக்கும் ரண்டு வருஷத்துக்கு மேலை கட்டத் தேவையில்லைத்தானே" என்று என்னிடம் வாதாடியவர்கள் பலர்.

வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம். எழுத்தில் அறிவியுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வையுங்கள்.

இன்னொரு பழைய தந்திரம்: உங்கள் முற்றத்தில் இருக்கும் அலாரக் கொம்பனியின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "அந்தக் கொம்பனியிலிருந்துதான் வருகிறோம், பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும்" என்பார்கள். என் மாமியிடம் இப்படி ஒருவர் வந்து, தேநீரும் குடித்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். முப்பத்தாறு மாதம். பழைய கொம்பனியும் காசு கேட்டது, புதியதும் கேட்டது. யார் வந்தாலும் உள்ளே விடாமல், பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

நான் எடுத்த கொம்பனியை வேறொருவர் வாங்கிவிட்டால்?

கொன்ராக்ற் அவர்களோடு போகும், நீங்களும் கூடவே போவீர்கள். தொலைக்காட்சி விளம்பரத்தால் எங்கள் வீடுகளிலும் பெயர் தெரிந்த அலாம்ஃபோர்ஸை 2018இல் பெல் வாங்கியது. இன்னொரு அலாரக் கொம்பனியான ஏடிரியின் கனடாப் பகுதியை 2019இல் ரெலஸ் வாங்கியது. சேவை கூடியதோ குறைந்ததோ, வாடிக்கையாளரிடம் யாரும் கேட்கவில்லை. மாதத்துக்கு மாதம் எடுத்தவருக்கு இது ஒரு பொருட்டில்லை, பிடிக்காவிட்டால் விலகலாம்.

மொனிற்றரிங் எடுத்தால் காப்புறுதி குறையுமா?

கொஞ்சம் குறையும். ஆனால் அதை நம்பி எடுக்க வேண்டாம். ஆண்டுக்கு 1,800 டொலர் கட்டுபவருக்கு 5 வீதக் கழிவு கிடைத்தால் 90 டொலர். மாதம் 18 டொலர் மொனிற்றரிங்குக்கு ஆண்டுச் செலவு 216. கழிவு கேட்கும்போது கண்காணிப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதை உங்கள் அலார முகவர் இலவசமாகத் தர வேண்டும்.

கழிவைவிடப் பெரிய விஷயம் பாலிசிக்குள் ஒளிந்திருக்கிறது. குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாதபோது தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் நட்டஈடு இல்லை என்று பல கனடாப் பாலிசிகளில் இருக்கும். விதிவிலக்குகளும் அங்கேயே இருக்கும்: தினமும் ஒருவர் வந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும், அல்லது குழாயும் வெப்பமாக்கலும் 24 மணி நேரக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் என்று டிசெம்பர், சனவரியில் மூன்று கிழமை ஊருக்குப் போகும் எங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். குறைந்த வெப்பநிலைச் சென்சர் ஒன்றும், பேஸ்மென்றில் தண்ணீர்ச் சென்சர் ஒன்றும் சேர்த்து மொனிற்றரிங்கில் இணைத்தால், ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) நின்று வீடு 5 பாகையை நெருங்கும்போதே அழைப்பு வரும். சென்சர்கள் இரண்டும் சேர்த்து நூறு டொலருக்குள் அடங்கும். உங்கள் பாலிசி எந்த வகைக் கண்காணிப்பை ஏற்கும் என்று காப்புறுதி முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், மொனிற்றரிங்குக்குக் காசு கட்ட இதுவே களவைவிட நல்ல காரணம்.

நகை பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தெற்காசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்ளருக்குத் தெரியும், பொலிசாரே எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் சாதாரண வீட்டுக் காப்புறுதியில் நகைக் களவுக்கு உச்சவரம்பு உண்டு, பல பாலிசிகளில் அது சில ஆயிரம் டொலர்தான். தாலிக்கொடி ஒன்றுக்கே காணாது. தனியாக மதிப்பீடு செய்து சேர்க்கலாம், அல்லது வங்கிப் பெட்டகம் எடுக்கலாம். கள்ளன் வீட்டுக்குள் நிற்பது சில நிமிடம். உலகத்தின் மிக நல்ல மொனிற்றரிங்கும் அந்த நேரத்துக்குள் பொலிசைக் கொண்டுவந்து நிறுத்தாது.

பகலில் அம்மம்மாவும் அம்மப்பாவும் மட்டும் வீட்டில். ஆங்கிலம் தெரியாது. என்ன செய்வது?

முதலில், நிலையத்து ஊழியர் பெட்டியினூடாகவே பேசும் வகையைத் தவிர்க்கலாமா என்று யோசியுங்கள். உறுதிப்படுத்தலுக்கு அது அருமையான வசதி, ஆனால் சுவரிலிருந்து திடீரென்று ஆங்கிலத்தில் "யார் நீங்கள்?" என்று அதட்டல் கேட்டால் முதியவர்கள் வெலவெலத்துப் போவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மம்மா, "ஆர் பிள்ளை கதைக்கிறது?" என்று கேட்டுச் சுவரைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார்.

நிலையத்திடம் அழைப்பு ஒழுங்கை மாற்றச் சொல்லுங்கள்: வீட்டுக்கு அழைக்காமல் முதலில் உங்கள் கைபேசிக்கு. நெருப்புக்கும் அவசரப் பொத்தானுக்கும் மட்டும் யாருக்கும் அழைத்து நேரம் போக்காமல் உடனே உதவிக்கு அழைக்கச் சொல்லலாம். பட்டியலில் குறைந்தது ஒருவர் சாவியோடு அரை மணி நேரத்துக்குள் வரக்கூடியவராக இருக்கட்டும். ஒட்டாவாவில் இருக்கும் தம்பி அதற்குச் சரிவராது.

நிலையம் அழைக்கும்போது நீங்கள்தான் என்று காட்டச் சொல்லும் பாஸ்வேர்ட் ஊழியருக்கும் புரிய வேண்டும், அம்மம்மாவின் வாயிலும் நுழைய வேண்டும். "நல்லூரான்" என்று வைத்தவர் நான்கு தரம் சொல்லியும் அந்தப் பக்கம் விளங்காமல் காவலாளி வந்துவிட்டார். "மாங்கோ" என்று வைத்தால் இருவருக்கும் சுகம். கத்தி முனையில் நிற்கும்போது ஆபத்தை இரகசியமாக உணர்த்த இன்னொரு சொல்லும் வையுங்கள். பெரும்பாலான நிலையங்கள் ஏற்கும்.

நிலையத்தின் எண்ணைக் கைபேசியில் பெயரோடு சேமியுங்கள். தெரியாத எண்களைத் தானாக அமைதியாக்கும் வசதி போட்டிருப்பவர்களுக்கு அந்த அழைப்பு ஒலிக்கவே ஒலிக்காது. கேட்டால் "அவங்கள் கூப்பிடவே இல்லை" என்பார்கள்.

நெருப்பு, சீஓ (காபன் மொனொக்சைட்டு நச்சுவாயு) சென்சர்களையும் இணைக்க வேண்டுமா?

முடிந்தால் இணையுங்கள், மாதக் கட்டணம் பொதுவாக அதிகரிக்காது. ஆளில்லாத வீட்டில் கூரையில் தனியாகக் கத்தும் புகை அலாரத்தை யார் கேட்பது? செத்தல் மிளகாய் வறுக்கும் சமையலறைக்கும் சாம்பிராணி போடும் சாமியறைக்கும் அருகே புகைச் சென்சர் வேண்டாம். சமையலறைக்கு வெப்பச் சென்சர் என்று ஒரு வகை உண்டு, அதைக் கேளுங்கள்.

வாடகைக்கு இருக்கிறோம் / கொண்டோவில் இருக்கிறோம்.

ஒட்டிக் கழற்றும் வயர்லெஸ் பெட்டி, மாதக் கணக்குச் சேவை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வீடு மாறும்போது நிலையத்திடம் முகவரியை மாற்ற மறக்காதீர்கள். பொலிஸ் பழைய வீட்டுக்குப் போகும்.

பொய் அலாரம் வராமல் எப்படிப் பார்ப்பது?

பிறந்தநாள் முடிந்ததும் ஹீலியம் பலூன்களைக் கீழே கட்டுங்கள். ஃபேர்னஸ் காற்றில் அவை இரவில் அசைவுச் சென்சருக்கு முன்னால் உலாவும். சிரிக்காதீர்கள், நான் பார்த்த பொய் அலாரங்களில் பலூனுக்குத் தனி இடம் உண்டு. மற்றது, சரியாகச் சாத்தாத பின்கதவு.

எல்லாம் பூட்டியாயிற்று. வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

நிலையத்துக்கு அழைத்து, "கணக்கை ஒரு மணி நேரம் சோதனையில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். அலாரத்தைப் போட்டுவிட்டு முன்கதவைத் திறந்து, சைரனை ஒரு நிமிடம் கத்த விடுங்கள். படிக்கட்டால் மேலே நடவுங்கள். பிறகு மோடத்தின் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அதையே செய்யுங்கள். மீண்டும் அழைத்து, எந்தெந்த இலக்கங்கள், எத்தனை மணிக்கு, எந்த வழியால் வந்தன என்று வாசிக்கச் சொல்லுங்கள். கதவு ஒரு இலக்கம், படிக்கட்டு வேறு இலக்கம், இரண்டாவது முறை செல் வழியால் என்று அவர் வாசித்தால் சரி. வருடத்துக்கு இரண்டு முறை, மணிக்கூட்டை மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தால் மறக்காது. சோதனையிலிருந்து கணக்கை எடுக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வையுங்கள்.